பிரெஞ்சு உணவகத்தின் வாசலில் தயக்கம் எதற்கு?

பிரெஞ்சு உணவு என்றாலே பணக்காரர்களுக்குத்தான் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். பிரான்சில் 'பிஸ்ட்ரோ' என்பது அக்கம்பக்கத்தார் வந்து சாப்பிட்டுப் போகும் சிறிய கடை. 2000களில் நம் சிராங்கூன் சாலையிலேயே 'தி ஃபிரெஞ்ச் ஸ்டால்' என்ற எளிய கடை பேர்பெற்றிருந்தது. 2011இல் ஜூ சியாட்டில் ஒரு காப்பிக்கடைக்குள்தான் 'சவேர்' தொடங்கியது.

விலை எப்படிக் கட்டுப்படியாகிறது? உணவு வகைகள் குறைவு. அதனால் வீணாவதும் குறைவு. வாத்துக்கால் போன்ற அழுத்தமான இறைச்சியை, மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைத்தே பஞ்சுபோல் ஆக்கிவிடுவார்கள். மதியத்தில் 'செட்' உணவு இருக்கிறதா என்று கேளுங்கள். தனித்தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் மலிவு.

விலைக்குப் பக்கத்தில் இரண்டு 'பிளஸ்' குறிகள் உண்டா என்றும் பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 30 வெள்ளி உணவு 35 வெள்ளி 97 காசாகிவிடும்.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிரெஞ்சு வெங்காய சூப் பார்த்தால் சைவம்போல் இருக்கும். ஆனால் அதை மாட்டெலும்புச் சாற்றில் செய்வதுதான் வழக்கம். குழம்புகளில் ஒயினும் பன்றி இறைச்சியும் சேர்வதுண்டு. ஆகவே மாட்டிறைச்சி தொடாத பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முஸ்லிம் நண்பர்கள் உடன் வந்தால் முயிஸ் ஹலால் சான்றிதழ் உள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

கேட்பது கௌரவக் குறைச்சல் அல்ல. கேட்டுவிட்டால் அப்பா அம்மாவும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.