மாவுக்கட்டு போட்ட குழந்தையைக் குளிப்பாட்டுதல்: கட்டை ஈரமாகாமல் காப்பது எப்படி?

எலும்பு முறிந்த கை அல்லது காலை அசையாமல் வைத்து, எலும்பு நேராகக் கூடச் செய்வதே மாவுக்கட்டின் பணியாகும். கட்டு இறுக்கமும் உறுதியும் குலையாமல் இருக்கும்வரை மட்டுமே இப்பணி நடைபெறும். கட்டு போட்டிருக்கும் வாரங்களில் வீட்டுக் குளியலறையில் அதற்குச் சேதம் ஏற்படக்கூடும். சிறிது கவனம் இருந்தால் இதனைத் தவிர்க்கலாம்.

தண்ணீர் பட்டால் என்ன ஆகும்?

பாரிஸ் சாந்தினால் போடப்படும் மாவுக்கட்டு நனைந்தால் இளகும், விரிசல் விடும். அப்போது உள்ளே எலும்பு இடம் பெயர வாய்ப்புண்டு. ஃபைபர் கட்டின் வெளிப்புறம் தண்ணீரைத் தாங்கும். ஆனால் தோலை ஒட்டி உள்ளே சுற்றப்பட்டுள்ள பஞ்சு பொதுவாகத் தண்ணீரை உறிஞ்சி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே "ஃபைபர் கட்டுதானே, நனைந்தால் பரவாயில்லை" என்று எண்ணுதல் தவறு. ஈரப் பஞ்சு பல மணி நேரம் தோலோடு ஒட்டியிருந்தால் தோல் ஊறி வெளுத்துப் புண்ணாகும். கிருமித் தொற்றும் ஏற்படலாம். வெளியே காய்ந்ததுபோல் தோன்றும் கட்டின் உட்புறம் ஈரமாகவே இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொள்க.

முதல் 2 அல்லது 3 நாள்கள்

மாவு சில நிமிடங்களில் இறுகிவிட்டாலும், முழுமையாக உலர 2 முதல் 3 நாள்கள் ஆகும். அதுவரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, நன்கு பிழிந்து உடலைத் துடைத்துவிட்டால் போதும். கைக்குழந்தைகளுக்குக் கட்டு பிரிக்கும்வரை இம்முறையே பாதுகாப்பானது.

குளிப்பாட்டும் முறை

1. கட்டின் மேல்விளிம்பைச் சுற்றி உலர்ந்த சிறு துண்டு ஒன்றைச் சுற்றவும். கசியும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும்.
2. ஓட்டையில்லாத பாலித்தீன் பையைக் கட்டு முழுவதும் மூடுமாறு மாட்டவும். அதன்மேல் இரண்டாவது பை ஒன்றையும் மாட்டவும்.
3. பையின் வாயைக் கட்டுக்கு மேலே, தோலின்மீது மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்டவும். ரப்பர் பேண்ட், கயிறு ஆகியவற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது; இரத்த ஓட்டம் தடைப்படும்.
4. குழந்தையை வழுக்காத முக்காலியில் அமர்த்தவும். கையில் கட்டு எனில் கையைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொள்ளவும். காலில் கட்டு எனில் காலை நீட்டி, குளிக்கும் இடத்துக்கு வெளியே மற்றொரு முக்காலியில் உயர்த்தி வைக்கவும். கை தொங்கியிருந்தால் உடலில் வழியும் நீர் பையின் வாய்க்குள் இறங்கிவிடும்.
5. குவளையால் சிறிது சிறிதாக ஊற்றவும். பை மாட்டியிருந்தாலும் கட்டை வாளியிலோ தொட்டியிலோ அமிழ்த்தக் கூடாது. பை தெறிக்கும் நீரை மட்டுமே தடுக்கும்.
6. குளித்ததும் உடலைத் துடைத்துவிட்டுப் பையை உடனே கழற்றவும். நெடுநேரம் விட்டால் வியர்வையினாலும் கட்டு ஈரமாகும். பைகளைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வைக்கவும்.

தலைக்குக் குளிப்பாட்ட வேண்டுமெனில், குழந்தையைக் கட்டில் ஓரத்தில் படுக்க வைத்து, தலைக்குக் கீழே பாத்திரம் வைத்து அலசிவிடலாம். எண்ணெய்க் குளியலைக் கட்டு பிரிக்கும்வரை தள்ளிவைக்கவும். எண்ணெய் கட்டுக்குள் இறங்கும். வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு.

கட்டு நனைந்துவிட்டால்

மேற்புறத்தில் சில துளிகள் மட்டும் பட்டிருந்தால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் உலர விடவும். ஹேர் டிரையரின் சூடான காற்று தோலைச் சுட்டுவிடும். அதனைப் பயன்படுத்த வேண்டாம். உட்பஞ்சு நனைந்தாலோ, கட்டு இளகினாலோ, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது. கட்டை மாற்றிப் போடுவது எளிய செயலே. வீட்டில் நீங்களே கட்டை வெட்டவோ பிரிக்கவோ வேண்டாம். கட்டை நனைத்த குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டுக்கு அஞ்சும் குழந்தை அடுத்த முறை நனைந்ததை மறைத்துவிடும்.

அரிப்பு எடுத்தால் குச்சி, பின்னல் ஊசி, அளவுகோல் போன்றவற்றை உள்ளே விடக் கூடாது. பவுடரும் போடக் கூடாது.

உடனே மருத்துவ உதவி பெற வேண்டிய அறிகுறிகள்

நாள்தோறும் குழந்தையின் விரல் நுனிகளைப் பார்க்கவும். கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று இருப்பினும் தாமதிக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும்:

• விரல்கள் வெளுத்தோ நீலமாகவோ மாறுதல், குளிர்ந்துபோதல்
• மரத்துப்போதல், விரல்களை அசைக்க இயலாமை
• மருந்து கொடுத்தும் வலி கூடிக்கொண்டே போதல்
• விரல்களில் வீக்கம் அதிகரித்தல்

கட்டிலிருந்து துர்நாற்றமோ கசிவோ வந்தாலும், காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவும். பேசத் தெரியாத குழந்தை காரணமின்றி ஓயாமல் அழுதால், கட்டினுள் ஏதேனும் தொல்லை இருக்கலாம் எனக் கருதி மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும்.

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.