தேகமும் மனமும்: ஹக்கீம்களின் உபதேசம்

காவிரியின் மேல்கரையில் ஈரோடு, கீழ்க்கரையில் பள்ளிபாளையம். பாலத்தைக் கடந்து ஊருக்குள் கால் வைத்தவுடன் காதில் விழுவது விசைத்தறியின் ஓசையே. அவ்வோசையின் நடுவே இரவும் பகலும் முறைவைத்து உழைப்பவர்களுக்குச் செவியும் தளர்கிறது, உறக்கமும் குலைகிறது. தறி முதலாளியிடம் வாங்கும் முன்பணத்தை அவ்வட்டாரத்தார் 'பாக்கி' என்பர். பாக்கியோடு, தவணைக் கடனும் வாசலில் வந்து நிற்குமாயின் அக்குடும்பத்தின் நிலையை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில், பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரிற் சிலர் கடன் தொல்லை பொறாமல் தங்கள் சிறுநீரகத்தையே விற்றனர் என்ற செய்தி வெளிவந்து தமிழ்நாட்டைத் திடுக்கிடச் செய்தது. மனித உறுப்பை விலைபேசுவது 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும். குற்றம் புரிந்த தரகர்களைச் சட்டம் தண்டிக்கட்டும். நாம் கேட்பது வேறொரு கேள்வி. கடனோ பணத்தைப் பற்றியது. சிறுநீரகமோ தேகத்தைப் பற்றியது. அது இதைத் தின்பதற்கு வழி எங்கே ஏற்பட்டது? மனத்தின் வழியாக அல்லவா? கவலை முதலில் உறக்கத்தைத் தின்றது. பிறகு பசியைத் தின்றது. கடைசியில் உறுப்பையே தின்றது.

தேகத்திற்கும் மனத்திற்கும் உள்ள இந்தத் தொடர்பை ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே ஆராய்ந்த வைத்திய சாஸ்திரம் ஒன்று நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கின்றது. அதுவே யுனானி. இதை முஸ்லிம்களின் தனிச்சொத்தென்று பலர் எண்ணுகின்றனர். யுனானி என்னும் சொல்லுக்கே கிரேக்க நாட்டைச் சேர்ந்தது என்றுதான் பொருள். ஹிப்பாக்கிரட்டீஸ், காலன் ஆகியோரின் நூல்களைப் பாக்தாத் நகரில் மொழிபெயர்த்தவர்களுள் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அந்த வித்தையை வளர்த்துப் பெருக்கியவர்கள் ராஸி, இப்னு ஸீனா முதலிய முஸ்லிம் பேரறிஞர்கள். இந்தியாவிற்கு வந்தபின் ஹிந்துக்களும் அதைக் கற்று ஹக்கீம்களாக விளங்கினர். கல்விக்கு ஜாதியுமில்லை, மதமுமில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டுமோ?

மனிதன் உயிரோடிருக்கும் வரையில் விலக்கமுடியாத ஆறு அவசியங்களை ஹக்கீம்கள் வகுத்துரைக்கின்றனர். காற்று, உணவும் பானமும், தேகத்தின் அசைவும் ஓய்வும், மனத்தின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிய வேண்டியது கழிதலும் தங்க வேண்டியது தங்குதலும். இவை அளவோடு நிற்பின் ஆரோக்கியம். அளவு தவறின் நோய். வாசகர்கள் நான்காவதைக் கவனிப்பார்களாக. மனத்தின் சலனத்தைச் சோற்றுக்கும் காற்றுக்கும் சமமான ஆசனத்தில் அமர்த்தியிருக்கின்றனர். கோபத்தில் உடலின் உஷ்ணம் திடீரென்று வெளியே பாய்கிறது என்றும், பயத்தில் திடீரென்று உள்ளே ஒடுங்குகிறது என்றும், துக்கத்தில் மெல்ல மெல்ல உள்ளே சுருங்குகிறது என்றும் அவர்கள் கூறுவர்.

980 முதல் 1037 வரை வாழ்ந்த இப்னு ஸீனா, காதல் நோயுற்றவன் வாய்திறவாதபோது அவன் நாடியைப் பிடித்துக்கொண்டு பல பெயர்களைச் சொல்லிப் பார்க்குமாறும், எந்தப் பெயரில் நாடி மாறுகின்றதோ அதனால் மனத்திலுள்ளவரை அறியுமாறும் தம் பெருநூலில் எழுதியிருக்கின்றார். அவருக்கு முன்னரே அபூ ஸைது அல்-பல்கீ என்பார் தேகத்திற்கும் ஆன்மாவிற்கும் ஒருங்கே ஆரோக்கிய விதிகளைக் கூறும் நூலொன்றை இயற்றினார். உதிரம், கபம், இருவகைப் பித்தம் என்னும் நான்கு தாதுக்களின் சித்தாந்தத்தை இக்காலத்து விஞ்ஞானம் ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் உறக்கமின்மையும் நீங்காத கவலையும் இரத்த அழுத்தத்தை ஏற்றுமென்பதை இன்றைய டாக்டர்களும் ஒப்புகின்றனர். விளக்கம் மாறிற்று, கண்ட உண்மை நிற்கின்றது.

இனி, இவ்வுண்மையைத் தலைகீழாகப் பிடிப்போரும் உளர். ஆன்மா சுகமடைந்தால் உடல் தானே சுகமடையும், மருந்து வேண்டாம் என்பர் அவர்கள். அதன் விளைவு யாது? ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளர்களைத் தங்கவைத்துப் பணம் ஈட்டிய விடுதிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியுமுன் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்தோட வழியின்றி வெந்தனர். மாண்டவர் 28 பேர். சுப்ரீம் கோர்ட் தானாகவே அதை வழக்காக எடுத்து விசாரித்தது. இப்பழியைப் பிரார்த்தனையின் மீது சுமத்துவது நியாயமன்று; மருந்தை மறுத்து மனிதனை விலங்கிட்டவர்களையே அது சாரும். பின்னர் அதே ஏர்வாடியில் தொழுகையும் மருந்தும் ஒருங்கே நடைபெறச் சர்க்கார் ஏற்பாடு செய்தது. நோயாளி தன் நம்பிக்கையையும் இழப்பதில்லை. டாக்டரின் மாத்திரையையும் இழப்பதில்லை. இதுவே நேரான வழி.

இந்த நேரான வழியில் நடந்து காட்டியவர் டில்லி ஹக்கீம் அஜ்மல் கான். ஆயுர்வேதத்தையும் யுனானியையும் ஒரே கூரையின்கீழ்க் கற்பிக்க அவர் கண்ட திப்பியா கலாசாலையை 1921-ஆம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதி மகாத்மா காந்தி திறந்துவைத்தார். அவ்வருஷக் கடைசியில், சித்தரஞ்சன் தாஸ் சிறையிலிருந்தமையால், ஆமதாபாத் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பழமையில் பற்றுக்கொண்ட அம்மகான் பரீட்சைக்கு அஞ்சவில்லை. ஹக்கீம்களின் மூலிகைகளை ரசாயன சாஸ்திர முறையில் சோதிக்குமாறு ஸலீமுஸ்ஸமான் ஸித்திக்கீ என்னும் ரசாயன நிபுணரிடம் ஒப்புவித்தார். 1927-ல் ஹக்கீம் காலமானார். 1931-ல் ஸித்திக்கீ சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு அஜ்மலின் என்று பெயரிட்டு அவரைக் கௌரவித்தார். இருதயத் துடிப்பின் கோளாறுகளை அறிய டாக்டர்கள் அதை இன்றும் உபயோகிக்கின்றனர்.

அவ்வேரின் வரலாற்றில் வேறொரு படிப்பினையும் உண்டு. சித்தப்பிரமைக்கு நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த அதே வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கின்றது என்று கணநாத் ஸென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் வங்காளத்து வைத்தியர் இருவர் 1931-ல் எழுதினர். மனத்தை அமைதிப்படுத்தும் மருந்தே இரத்தக் குழாயையும் அமைதிப்படுத்துமாயின், தேகமும் மனமும் வெவ்வேறு என்று வாதிப்பவர் கட்சி தோற்றதே அன்றோ?

நம் மாகாணத்திலும் யுனானிக்கு இடமுண்டு. சென்னையில் 1979 முதல் அரசாங்க யுனானிக் கலாசாலை நடந்துவருகின்றது. ஆயினும் லேகியத்தையும் சூரணத்தையும் வழங்குவதோடு யுனானியின் கடமை முடிந்துவிடாது. ஆறு அவசியங்களின் உபதேசத்தைத் தொழிற்சாலைக்குள் கொண்டுசெல்வதே அதன் உண்மையான வெற்றியாகும். பள்ளிபாளையத்துத் தொழிலாளிக்கு வேண்டியவை எவை? செவிக்கு ஓய்வு, இடையூறில்லாத உறக்கம், பாக்கிக்கு வரம்பு, வாசலில் நின்று மிரட்டும் கடன்காரனிடமிருந்து சட்டத்தின் பாதுகாப்பு, சர்க்கார் ஆஸ்பத்திரியில் நாடியோடு மனத்தையும் விசாரிக்கும் வைத்தியர். இவற்றைத் தாராமல் மருந்தை மட்டும் தருவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதை ஒக்கும்.

தொழுகை மனத்திற்குச் சாந்தி அளிக்கும், ஐயமில்லை. ஆனால் தொழுதெழுந்தவன் வீட்டு வாசலில் கடன்காரன் நிற்பானாயின் அச்சாந்தி எத்தனை நாழிகை நிலைக்கும்? அவனை அங்கிருந்து அகற்றுவது இறைவனுடைய வேலையன்று, நம்முடைய வேலை.