ஞாபகம் இருக்கு… ஆனா ஆளே மாறிட்டாரே!

உதாரணத்துக்கு, ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரருக்கு வயது 54. தினமும் பஸ் பிடித்து விருத்தாசலம் போய், பீங்கான் சூளையில் பல வருஷம் வேலை பார்த்தவர். எந்தச் சரக்கு எத்தனை மணி நேரம் வேக வேண்டும் என்று இன்றும் சரியாகச் சொல்வார். மாசி மகத்துக்கு பூவராகசுவாமி கிள்ளைக்குப் புறப்படும் நாளையும் மறக்கவில்லை.

ஆனால் ஆறு மாதமாக எழவு வீட்டில் சத்தமாகச் சிரிக்கிறார். இனிப்பைக் கண்டால் நிறுத்தாமல் சாப்பிடுகிறார். மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் கண்டுகொள்வதில்லை. முன்பின் தெரியாதவர் கேட்டால்கூட போனில் பணம் அனுப்புகிறார். ஏன் என்று கேட்டால், "எனக்கென்ன? எப்பவும் போலத்தானே இருக்கேன்!" என்கிறார்.

திமிர், குடி, காத்து கருப்பு என்று ஊர் பல காரணம் சொல்லும். இது மூளை நோயாகவும் இருக்கலாம்.

இது என்ன நோய்?

இதன் பெயர் ஃப்ரான்டோடெம்போரல் டிமென்ஷியா. நெற்றிக்குப் பின்னாலும், காதுக்கு மேலே பொட்டுப் பக்கமும் உள்ள மூளைப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். பிராகாவில் மருத்துவர் ஆர்னால்ட் பிக் 1892-லேயே இதை விவரித்தார். ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு இந்நோய் இருப்பதை அவர் குடும்பத்தினர் 2023-ல் அறிவித்தார்கள்.

தமிழில் டிமென்ஷியாவை 'மறதி நோய்' என்கிறோம். இங்கே அந்தப் பெயரே நம்மை ஏமாற்றும். பலருக்கு முதலில் மாறுவது ஞாபகம் அல்ல, குணமும் பேச்சும்தான். அதனால் ஆரம்பத்தில் எளிய ஞாபகப் பரிசோதனையில் தேறிவிடவும் கூடும். சிலருக்கு வார்த்தையின் பொருளே மறந்துபோகும், "கத்தரிக்கோல்னா என்ன?" என்று கேட்பார்கள். நோய் முற்றும்போது அன்றாட ஞாபகமும் குறையும்.

தன் மாற்றம் ஏன் தனக்குத் தெரிவதில்லை?

ஆதார் அட்டையில் பல வருஷத்துக்கு முன் எடுத்த படம் அப்படியே இருக்கும். நாம்தான் புதுப்பிக்க வேண்டும். மனசுக்குள்ளும் 'நான் இப்படிப்பட்டவன்' என்று ஒரு படம் இருக்கிறது. புது அனுபவங்களைப் பார்த்து மூளை அதைத் திருத்திக்கொண்டே இருக்கும். இந்நோயில் அந்தத் திருத்தும் வேலை நின்றுவிடுகிறது. இவர்களிடம் "நீங்கள் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டபோது, நோய்க்கு முந்தைய தன் குணத்தையே சொன்னதாக ஆய்வுகளில் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பழைய படத்தைத்தான் பார்க்கிறார். வாதாடி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. சண்டைதான் மிஞ்சும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

1. என்ன மாற்றம், எப்போதிருந்து என்று போனில் தேதியோடு குறித்து வையுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள்; அவரிடம் தனியாகவும் பேசுங்கள். நோயாளி "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றுதான் சொல்வார்.

2. முதலில் விருத்தாசலம் அரசு மருத்துவமனையில் காட்டி, நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் துறை உண்டு. தைராய்டு, பி12 குறைவு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

3. நோயை நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை. ஆனால் சில தொந்தரவுகளை மருந்தால் குறைக்கலாம். அல்சைமர் நோய்க்குத் தரும் மாத்திரை இதற்கு உதவுவதில்லை. சிலருக்குத் தொந்தரவைக் கூட்டலாம். பக்கத்து வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

4. யு.பி.ஐ. தினசரி வரம்பைக் குறையுங்கள். பெரிய தொகையை வேறு கணக்கில் வைப்பது பற்றி வங்கியில் பேசுங்கள். மோசடியில் பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

5. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அவருக்கு நிலைமை புரியும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

செல்போனில் சேமிக்க வேண்டிய எண்கள்

டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416 (24 மணி நேரமும், இலவசம்)
மருத்துவ ஆலோசனை: 104
மூத்த குடிமக்கள் உதவி: 14567
இணைய மோசடிப் புகார்: 1930

14416 நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்கும்தான். "முப்பது வருஷம் கூட வாழ்ந்தவர், என் கண்ணீரைக் கூடப் பார்க்க மாட்டேங்கிறார்" என்ற வலி சாதாரணமானதல்ல. அவர் மனசு கல்லாகிவிடவில்லை. அடுத்தவர் வலியை உணரும் மூளைப் பகுதி பழுதாகியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் இறங்கும். உதவி கேட்கவும் தெம்பு வரும்.