உங்களுக்குத் தெரியுமா? மருந்துக்கு அடங்காத டைபாய்டு

1972இல் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு, அன்று மருத்துவர்கள் பெரிதும் நம்பியிருந்த குளோராம்பெனிக்காலுக்கு அடங்கவில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாண ஹைதராபாத்தில் தலைதூக்கிய வகை அதைவிடக் கொடியது. செப்ட்ரியாக்சோன் உட்பட ஐந்து வகை மருந்துகளுக்கு அது கட்டுப்படவில்லை. மாத்திரைகளில் எஞ்சியது அசித்ரோமைசின் மட்டுமே. பயணிகளின் உடலோடு பிரிட்டன், அமெரிக்கா வரை அது போய்ச் சேர்ந்தது. கிருமி உடலில் புகுந்து காய்ச்சல் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்குபவரின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டி இதைப் பிடிக்க முடியாது. ஊருக்குப் போனபின் காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தக் கல்ச்சர் எடுப்பதும், பயண விவரத்தை மருத்துவரிடம் சொல்வதும் மிக முக்கியம். 2019இல் சிந்துவின் குழந்தைகளுக்குப் போடப்பட்ட டைபாய்டு தடுப்பூசி, இந்தியாவின் ஹைதராபாத்தில் தயாரானது.