பழவேற்காடு: வரலாறும் நினைவுச் சின்னங்களும்

பழவேற்காடு தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ள பழமையான துறைமுக ஊர் ஆகும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ளது. இதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையும் கிழக்குக் கரையில் பழவேற்காடும் உள்ளன. ஐரோப்பியர் இவ்வூரைப் 'புலிகாட்' என்று அழைத்தனர். இன்று மீனவர் ஊராக அறியப்படும் இது, ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடமாக இருந்தது.

அமைவிடம்

ஊரை ஒட்டியுள்ள பழவேற்காடு ஏரி, சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. ஏரியை வங்கக் கடலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா தீவு பிரிக்கிறது. ஏரியின் ஆழம் குறைவு என்பதால் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டன. சரக்குகள் படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டன.

வரலாறு

விசயநகர ஆட்சிக் காலத்தில் பழவேற்காடு முக்கிய வணிகத் துறைமுகமாக விளங்கியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்குக் குடியேறினர். 1610இல் ஒல்லாந்தர், விசயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி பெற்றுப் பண்டகசாலை அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அதன்பின் 1613இல் ஜெல்திரியா கோட்டை எழுந்தது.

ஒல்லாந்தரை இங்கு ஈர்த்தது துணியே. இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பு, சாதிக்காய் போன்ற நறுமணப் பொருள்களை வாங்குவதற்கு இக்கரையின் கைத்தறித் துணிகளையே அவர்கள் மாற்றுப் பொருளாகக் கொடுத்தனர். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்பர். 'பெலிகாட்' என்பது இவ்வூரின் பெயரே. கோட்டையில் நாணயம் அச்சடிக்கப்பட்டது, வெடிமருந்தும் செய்யப்பட்டது.

இவ்வணிகத்திற்கு இருண்ட பக்கமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் போராலும் பஞ்சத்தாலும் வாழ்விழந்த மக்கள் அடிமைகளாக வாங்கப்பட்டு, இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டனர்.

1690இல் ஒல்லாந்தரின் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்பட்டது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் வசமானது; பின்னர் அது மீண்டும் பழவேற்காட்டுக்கு வந்தது. 1795இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டையும் கைப்பற்றினர். 1818இல் திருப்பித் தரப்பட்ட இவ்வூர், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி 1825இல் முழுமையாக ஆங்கிலேயரிடம் சேர்ந்தது. அருகிலேயே சென்னை பெருநகரமாக வளர்ந்ததால் பழவேற்காட்டின் வணிகம் மங்கியது.

நினைவுச் சின்னங்கள்

ஜெல்திரியா கோட்டை: இடிக்கப்பட்டுவிட்டது. புதர் மண்டிய மேடும் அகழியின் தடமுமே எஞ்சியுள்ளன.

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம்: இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. கல்லறைப் பலகைகளில் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் நுட்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன.

வழிபாட்டிடங்கள்: விசயநகரக் கால ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் சிறு புடைப்புச் சிற்பங்களாக உள்ளன. மகிமை மாதா ஆலயம் போர்த்துகீசியர் காலத் தொடர்புடையது. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் அறிய உதவிய சூரியக் கடிகாரம் உள்ளது.

இன்றைய நிலை

இறால், நண்டு, மீன் பிடிப்பே இங்கு முதன்மைத் தொழில். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறை மீனவரிடையே வழக்கில் உள்ளது. குளிர்காலத்தில் பூநாரைகளைக் காணப் பயணிகள் வருகின்றனர்.

ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவது பெரும் சிக்கலாகும். கடல்நீர் வந்துபோகாவிட்டால் ஏரியின் உப்புத்தன்மை மாறி இறால், மீன் வளம் குன்றும். படகுகளும் கடலுக்குச் செல்ல முடியாது. அன்று வணிகத்திற்கு வாயிலாக இருந்த இந்த நீர்வழி, இன்று மீனவரின் வாழ்வாதாரமாக உள்ளது.