வியாழக்கிழமை நோய்

“மாமா, இன்னொண்ணும் போயிடுச்சு.”

காலை ஆறரை மணிக்கு அக்கா மகன் போனில் சொன்னது இவ்வளவுதான். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகளை எல்லாம் சுற்றிவிட்டு 6 தங்கமீன்கள் வாங்கி வந்திருந்தான். இப்போது மிச்சம் 3. செத்த மீன்களின் உடம்பில் புண் இல்லை, துடுப்பு கிழியவில்லை, வயிறு வீங்கவில்லை. எல்லாமே தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, மறுநாள் மிதந்தன.

“தூக்கிப் போட்டுடாதே. ஒரு தட்டுல வை, வர்றேன்” என்றேன்.

மீனுக்கு வாய் இருக்கிறது, எங்கே வலிக்கிறது என்றுதான் சொல்லாது. அதனால் அதைச் சுற்றியிருக்கும் மற்ற எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். 40 லிட்டர் தொட்டி. அதில் 6 தங்கமீன்கள் என்பது தீபாவளிக்கு முந்தின நாள் ரயில் பெட்டி மாதிரி. கடையில் யாரும் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் நீல மருந்துதான் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எந்த நோய்க்கு என்று கேட்டால், எல்லாவற்றுக்கும்!

மேலே வந்து வாயைத் திறக்கிறது என்றால் மூச்சு முட்டுகிறது. காற்று போதவில்லையா? ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது; குமிழிகள் கொப்பளித்தன. சரி, வெண்புள்ளி நோயா? அது வந்தால் மீன் மேல் ரவை தூவியது போலிருக்கும். ஒவ்வொரு ரவைக்குள்ளும் ஓர் ஒற்றைச் செல் உயிர் மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். வயிறு நிறைந்ததும் உதிர்ந்து, தொட்டியின் அடியில் ஓர் உறை கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரியும். குட்டிகள் நீந்தி அடுத்த மீனைத் தேடும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் மருந்து அதைக் கொல்லும். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஆனால் இவன் மீன்களில் ஒரு ரவைகூட இல்லை.

“ஒவ்வொண்ணும் எந்தக் கிழமை செத்துச்சு?”

காலண்டரில் சுழித்து வைத்திருந்தான், கெட்டிக்காரன். புதன், வியாழன். இன்றைக்கும் வியாழன்.

“ஞாயித்துக்கிழமை தொட்டியைக் கழுவிட்டா திங்கக்கிழமை வரைக்கும் நல்லாத் துள்ளுது மாமா. அப்புறம் அழுக்கு சேர்ந்து நோய் வந்துடுது. அதான் வாரா வாரம் இன்னும் நல்லாத் தேய்ச்சுக் கழுவறேன்.”

எப்படிக் கழுவுவான்? தண்ணீர் முழுவதையும் மாற்றுவான். அதற்கு முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீர். கூழாங்கல்லைத் தேய்ப்பான். ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சை மட்டும், குளோரின் வாடை வரும் குழாயில் நேராகப் பிடித்து, பழுப்பு நீர் போய் வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை பிழிவான்.

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதி தட்டில் இருந்தது.

மீன் மார்க்கெட்டில் உங்கள் அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அதே வேலைதான். தீக்குச்சியால் செவுள்மூடியை மெல்ல நெம்பினேன். அப்போதுதான் இறந்த மீனுக்குச் செவுள் செக்கச்செவேல் என்று இருக்க வேண்டும். இதற்கோ டிகாக்‌ஷன் நிறம். (செத்து வெகுநேரமான மீனிலும் செவுள் பழுப்பாகிப் போகும், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.) பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறு குப்பியில் எடுத்து, டெஸ்ட் கிட்டில் இருந்த சொட்டுகளை விட்டேன். கொஞ்ச நேரத்தில் கத்தரிப்பூ நிறம். நைட்ரைட், ஏகப்பட்டது!

மீன்கள் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகின்றன. அது அவற்றுக்கே விஷம். ஆற்றிலும் குளத்திலும் அதைத் தின்னவே பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை அவ்வளவாகத் தொல்லை தராத நைட்ரேட் ஆக்கும். மீன்தொட்டியில் இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் புத்தகங்களில் இருந்தது. 1998இல் மரபணுவை வைத்துத் தேடியபோது, உண்மையான வேலைக்காரர் நைட்ரோஸ்பைரா என்று தெரியவந்தது. இவை மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில் குடியேறி முடிக்கவே நாலைந்து வாரம் ஆகும். குடியிருக்கும் இடம்? கல், கண்ணாடி, முக்கியமாக அந்தப் பழுப்பு ஸ்பாஞ்ச்.

ஞாயிறுதோறும் பையன் அந்தக் குடியிருப்பைக் குளோரின் தண்ணீரில் கழுவி விட்டுக்கொண்டிருந்தான். புதுத் தண்ணீரில் நைட்ரைட் இல்லாததால் திங்கள்கிழமை மீன் துள்ளும். தின்பதற்கு ஆளில்லாமல் அது சேர்ந்து சேர்ந்து புதன், வியாழனில் உச்சிக்குப் போகும். மீனைக் காப்பாற்றியதாக அவன் நினைத்த வேலைதான் அடுத்த வியாழனைத் தயார் செய்தது.

நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்துக்குள் போய், ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பை மாற்றிவிடும். அதற்கப்புறம் அந்த ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்காது. நிறமும் சிவப்பிலிருந்து பழுப்பாகும். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிகிறது, ஏற்றிப்போக பஸ்தான் இல்லை. ஏர் பம்ப் எவ்வளவு ஓடி என்ன?

பாதித் தண்ணீரை மாற்றினோம். இரண்டு நாளைக்குத் தீனி கிடையாது. பிறகு நான் சமையலறைக்குப் போய்க் கல்லுப்பு கேட்டேன்.

“மீன் குழம்பா வைக்கப் போறே?” என்றாள் அக்கா.

லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 40 கிராம் கரைத்து ஊற்றினேன். உப்பில் குளோரைடு இருக்கிறது. தண்ணீரிலிருந்து குளோரைடை உள்ளே இழுக்கும் செல்கள் மீனின் செவுளில் உண்டு. அந்த வாசலில்தான் நைட்ரைட்டும் நுழைகிறது. வாசலில் குளோரைடுக் கூட்டம் அதிகமானால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைக்காது. நீல மருந்தையும் முழுக்கத் திட்ட முடியாது. மெத்திலீன் ப்ளூ என்ற அந்தச் சாயத்தைத்தான், மனிதர்களுக்கு ஹீமோகுளோபின் இப்படிக் கெட்டுப்போனால் மருத்துவமனையில் ஊசியாகப் போடுகிறார்கள். ஆனால் அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்பாஞ்சைப் பிழிந்தால்?

இப்போது வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுகிறான். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக முக்கி எடுப்பதோடு சரி. “சீ, நாறுது, நல்லாக் கழுவுடா” என்று அக்கா கை நீட்டினால் குறுக்கே போய் நின்றுகொள்கிறானாம்.

போன வாரம் மறுபடி போன். “மாமா, ஒரு மீன் கல்லுல உடம்பைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கு.”

“புள்ளி ஏதாவது தெரியுதா?”

“இருங்க மாமா. முதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டு வர்றேன்.”