'காப்பிலி' என்றால் யார்?

சென்ற தவணையில் என் மகனின் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டார். சுருள்முடியுள்ள ஒரு பிள்ளைக்கு அவன் 'காப்பிலி' என்று பட்டம் தெளித்திருக்கிறான். அந்தப் பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

"சும்மா பகிடிக்குத்தானே வாப்பா" என்றான். சொல் எங்கிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை. தலை வாராமல் நின்றால் என் உம்மா எங்களை அப்படித்தான் ஏசுவார்.

அன்றிரவு அவனை இருத்தி வைத்துச் சொன்னேன். அதன் வேர் நாம் அறிந்த 'காஃபிர்' என்ற அரபுச் சொல். கிழக்காபிரிக்கக் கரையில் அரபு வணிகர்கள் முஸ்லிமல்லாத கறுப்பின மக்களை அப்படி அழைத்தார்கள். போர்த்துக்கேயர் அதை எடுத்துக்கொண்டு, மொசாம்பிக் பக்கமிருந்து இலங்கைக்கு அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டுவந்தவர்களுக்குச் சூட்டினர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அதையே தொடர்ந்தனர். ஆங்கிலேயர் ஆபிரிக்கர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவே நடத்தினார்கள். அது கலைக்கப்பட்டபின் பலர் புத்தளத்தில் குடியமர்ந்தனர்.

அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளம் சிரம்பையடியில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர். போர்த்துக்கேயக் கிரியோல் மொழியில் 'மஞ்சா' பாடுவார்கள். போத்தலும் கரண்டியும் சிரட்டையும்தான் வாத்தியம். 'காப்பிரி' என்று தங்களைக் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்வார்கள், அது அவர்களுடைய வம்சப் பெயர். தென்னாபிரிக்காவிலோ அதே சொல் மிகக் கேவலமான வசை. என் மகன் வாயிலும் அது வசையாகத்தான் வந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நான் முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போன சிறுவன். அங்கே 'அகதி' என்ற பட்டத்தோடு படித்தேன். சிரம்பையடி அதிக தூரமில்லை. மீள்குடியேறி ஊர் திரும்பும்வரை அந்த மக்களைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் பிலால் (ரழி) அபிசீனியர் என்பது மத்ரஸாப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜலஸ்தி என்ற கடற்தலைவனிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயருக்கு நூற்றைம்பது வருடங்களுக்கும் முந்திய செய்தி இது. ஆபிரிக்கர் இங்கே அடிமையாக மட்டும் வரவில்லை என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும். வரலாற்று ஆசிரியர்கள் போர்த்துக்கேயர் பாடத்தின்போது அரை மணித்தியாலம் ஒதுக்கினால் போதும், சிரம்பையடியும் அதற்குள் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். மகன் மன்னிப்புக் கேட்டான். சொல் எங்கள் வீட்டிலிருந்து போனதென்று நானும் அதன் தாயாரிடம் சொன்னேன்.